விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவரை யாரும் பிடித்து வைக்க முடியாது

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். சுற்றிலும் கூட்டம் நிற்கிறது. யாரோ ஒருவர் 108-ஐ அழைக்கிறார். ஆனால் கிடப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லை. இதை இரக்கமின்மை என்று நான் நினைக்கவில்லை. போலீஸ், சாட்சி, கோர்ட் என்று வருடக்கணக்கில் அலைய விடுவார்களோ என்ற பயம்தான் கையைக் கட்டிப் போடுகிறது. ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. இன்றைய சட்டம் அப்படி இல்லை. அது மாறிவிட்ட செய்தி இன்னும் பல பேரை எட்டவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதே ஆண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. காயம்பட்டதிலிருந்து முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை மோட்டார் வாகனச் சட்டமே வரையறையாக எழுதி வைத்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தின் தொடக்கம் ஆம்புலன்ஸின் கையிலோ மருத்துவரின் கையிலோ இல்லை. அங்கே நிற்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

முதலில், உதவுபவருக்கான பாதுகாப்பு. மத்திய அரசு 2015 மே மாதம் இதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 134ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. கைம்மாறு எதுவும் எதிர்பாராமல், நல்லெண்ணத்துடன், தானாக முன்வந்து விபத்தில் சிக்கியவருக்கு உதவுபவரை அது ‘நல்ல சமாரியர்’ என்கிறது. அவர் உதவும்போது ஏதாவது தவறு நேர்ந்து, காயம் கூடினாலோ உயிரே போனாலோ, அவர் மீது சிவில் வழக்கும் இல்லை, குற்ற வழக்கும் இல்லை. “நான் தூக்கியதால்தான் செத்தார் என்று சொல்லிவிட்டால்?” என்று தயங்குகிறவருக்கு இந்தப் பிரிவே பதில்.

பெயரைக் கேட்பார்களே என்ற கவலைக்கு 2020 செப்டம்பரில் வந்த விதிகள் பதில் சொல்கின்றன. பெயர், முகவரி, அடையாளம் எதையும் சொல்லும்படி போலீசாரோ வேறு யாருமோ உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பினால் சொல்லலாம். சாட்சி சொல்வதும் உங்கள் விருப்பம்தான். நீங்கள் சம்மதித்தால், உங்களுக்கு வசதியான நேரத்தில் உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, போலீசார் சீருடை இல்லாமல் வந்து, ஒரே முறையில் விசாரித்து முடிக்க வேண்டும். அவர்கள் பேசும் மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும்.

மருத்துவமனையும் உங்களைத் தடுத்து வைக்க முடியாது. நீங்கள் அடிபட்டவரின் உறவினராக இல்லாதபோது, அனுமதிக் கட்டணத்தைக் கட்டச் சொல்லி உங்களிடம் கேட்கக் கூடாது. இந்த உரிமைகளை விளக்கும் பலகை ஒவ்வொரு அரசு, தனியார் மருத்துவமனையிலும் வாசலிலோ எல்லோர் கண்ணிலும் படும் வேறு இடத்திலோ வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் கட்டினால்தான் பார்ப்போம், போலீஸ் வந்தால்தான் தொடுவோம் என்று சொல்வதும் செல்லாது. எந்த நடைமுறைக்கும் காத்திராமல் உயிரைக் காப்பது மருத்துவரின் கடமை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தனியார் மருத்துவர்களையும் அது கட்டுப்படுத்தும்.

அடுத்து, செலவு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்க வேண்டியதில்லை; வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்றாலும் பொருந்தும். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் உச்சவரம்புடன் 81 சிகிச்சை முறைகள் இதில் அடங்கின. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்கும். இதைத் தவிர மத்திய அரசு 2025 மே 5 அன்று அறிவித்த கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தில், எந்தச் சாலையில் மோட்டார் வாகன விபத்து நடந்தாலும், விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இதற்கென நியமிக்கப்பட்ட மருத்துவமனையில்தான் முழுப் பயனும் உண்டு. மற்ற இடங்களில் நோயாளியின் நிலையைச் சீராக்கும் அளவுக்கு மட்டுமே. அதனால் 108-ல் பேசும்போதே எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போகப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து ஓர் உயிரைக் காப்பாற்றியவருக்குப் பரிசும் உண்டு. 2021-ல் 5,000 ரூபாயாக இருந்தது, ‘ராஹ் வீர்’ என்ற பெயரில் 2025-ல் 25,000 ரூபாயாக உயர்ந்தது.

ஆம்புலன்ஸ் வரும் வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைச் சரியாகச் செய்ய வேண்டும். இதை எந்தத் திட்டமும் செய்து தராது. ரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். தீயோ, பாய்ந்து வரும் வண்டிகளோ அச்சுறுத்தினால் தவிர, கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்க வேண்டாம். கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்த ஒரு தூக்கலிலேயே நிரந்தரமாக நடக்க முடியாமல் போகலாம். தலைக்கவசத்தையும், மூச்சுவிட இடைஞ்சலாக இருந்தால் தவிர, கழற்ற வேண்டாம். கூட்டத்தைச் சற்று விலக்கி, ஆம்புலன்ஸ் வந்து நிற்க வழி செய்யுங்கள். அதற்கு வழிவிடாத வாகன ஓட்டிக்கு 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்ட பிறகு, அல்லது மருத்துவமனையில் ஒப்படைத்த பிறகு, பெயரைச் சொல்லாமலே நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.