சொல் விளக்கம்: மேற்பார்வை நுகர்விடம்

2024 ஓகஸ்ட் மாதம் கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு ஓர் அறிவிப்பு விட்டது. பள்ளிக்கூடங்களுக்கும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களுக்கும் 200 மீற்றருக்குள் இருக்கும், போதைப்பொருள் எடுக்கிறவர்கள் மேற்பார்வையில் எடுக்கும் 10 இடங்களை அடுத்த மார்ச் முடிவதற்குள் மூட வேண்டும் என்றது. கைத்தொலைபேசியில் சுற்றிவந்த தமிழ்ச் செய்தி ஒன்று அந்த இடங்களுக்கு ‘பாதுகாப்பான ஊசி நிலையங்கள்’ என்று பெயர் கொடுத்திருந்தது. எங்கள் கட்டடத்து மின்தூக்கியில் எழுபது தாண்டிய அன்ரி ஒருவர் என்னை மறித்தார். “தம்பி, ஊசி போடுற இடங்களை ஏன் பூட்டப் போயினம்? நான் இன்னும் ஃப்ளூ ஊசி போடேல்லை.”

பிழை அன்ரியில் இல்லை. ஊசி என்றால் தமிழனுக்குத் தாதி, பஞ்சு, நோகாது என்று சொல்லும் பொய். அதன் முன்னால் ‘பாதுகாப்பான’ என்றும் எழுதிவிட்டால் தடுப்பூசி முகாம்தான் நினைவுக்கு வரும். ஆனால் செய்தி சொல்ல வந்த இடம் வேறு.

அங்கே போகிறவர் தன்னுடைய போதைப்பொருளைத் தானே கொண்டுபோவார். வாசலில் ஒரு பெயரும் என்ன பொருள் என்பதும் கேட்பார்கள். பெயர் சொந்தப் பெயராக இருக்க வேண்டியதில்லை. துப்புரவான ஊசி, நீர், கையில் கட்டும் பட்டி கொடுப்பார்கள். கண்ணாடி பதித்த சிறு மேசையொன்றில் அவரே தனக்கு ஏற்றிக்கொள்வார். தாதி ஏற்றிவிடுவதில்லை, பார்த்துக்கொண்டிருப்பார். ஃபென்ரனில் போன்ற கடும் அபின் வகைப் பொருள் அளவு கடந்தால் முதலில் மூச்சுத்தான் தளரும். உதடு நீலம் பாரிக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒட்சிசன் கொடுக்கலாம், அந்தப் பொருளின் விளைவை முறிக்கும் நலோக்சோன் மருந்தைப் போட்டு எழுப்பலாம். பூட்டிய கழிப்பறைக்குள் தனியே விழுந்து கிடப்பவரை யாரும் எழுப்ப முடியாது. இந்த இடங்கள் இருப்பதற்கான முழுக் காரணமும் அதுதான்.

“அப்ப பார் மாதிரியோ?” என்று ஒரு நண்பன் கேட்டான். நேர்மாறு. பாரில் விற்பார்கள், குடித்தவன் விழுந்தால் வெளியே தூக்கி வைப்பார்கள். இங்கே விற்பதில்லை, விழுந்தால் தூக்கி எழுப்புவார்கள்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். இந்த வகை இடம் முதன்முதலில் 1986இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் திறந்தது. ஜேர்மன் பேசுகிறவர்கள் பேச்சுவழக்கில் ‘ஃபிக்ஸர்ஷ்டூபெ’ என்றார்கள். ஊசி ஏற்றுகிறவனின் இருப்பறை என்று பொருள். ஷ்டூபெ என்பது குளிர்காலத்தில் குடும்பம் கூடியிருக்கும் சூடான அறை. கேலியும் பரிவும் ஒன்றாகக் கலந்த சொல். 2000ஆம் ஆண்டு ஜேர்மனி இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது இருப்பறையைக் கழற்றிவிட்டு ‘போதைப்பொருள் நுகர்வு அறை’ என்று உலர்வாக எழுதியது. பிரான்சில் சண்டையே பெயரில்தான். பத்திரிகைகளும் எதிர்த்தவர்களும் ‘சால் து ஷூட்’ என்றார்கள், ஊசியடிக்கும் அறை என்று. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘குறைந்த ஆபத்துடன் நுகரும் அறை’ என்றது. அந்த ஆண்டு ஒக்ரோபரில் பாரிஸில் திறந்தபோது தெருவில் நின்றவர்கள் எந்தப் பெயரைச் சொன்னார்கள் என்பதை வைத்தே அவர்கள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். சிட்னியில் 2001இல் திறந்ததற்கு ‘மருத்துவ மேற்பார்வையிலான’ என்று முன்னொட்டுப் போட்டார்கள். மருத்துவம் என்ற சொல் கோபத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

கனடாவில் சட்ட அனுமதி பெற்ற முதலாவது, வன்கூவரின் ஈஸ்ற் ஹேஸ்ரிங்ஸ் தெருவில் 2003 செப்ரெம்பரில் திறந்த ‘இன்சைற்’. ‘உள்ளிடம்’, ‘உட்பார்வை’ இரண்டும் ஒலிக்கும் சிலேடை. அதை மூட முயன்ற மத்திய அரசோடு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது இயங்க வழிவிட்டார்கள். இன்சைற் உயிர்களைக் காக்கிறது என்று தீர்ப்பே நேராகச் சொன்னது. அதே ஆண்டு லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, அந்த இடத்தைச் சுற்றி 500 மீற்றருக்குள் போதைப்பொருள் அளவு கடந்து நேர்ந்த சாவுகள் 35 விழுக்காடு குறைந்திருந்தன. நகரின் மற்றப் பகுதிகளில் குறைந்தது 9 விழுக்காடுதான்.

ஆங்கிலத்தில் முதலில் ‘பாதுகாப்பான ஊசி இடம்’ என்றுதான் பரவியது. பிறகு இரண்டு சொல்லும் கழன்றன. தெருவில் வாங்கிய பொருளில் பாதுகாப்பு ஏது என்பதால் ‘பாதுகாப்பான’ போய் ‘மேற்பார்வையிலான’ வந்தது. ஊசியை விட்டுப் புகைக்கிறவர்கள் கூடியதால் ‘ஊசி’ போய் ‘நுகர்வு’ வந்தது. நம் செய்தி எழுதியவர் ஆங்கிலமே கைவிட்ட இரண்டு சொல்லையும் பொறுக்கியெடுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

நுகர்வு நல்ல வாய்ப்பு. நுகர்வோர் நீதிமன்றம் வந்த பிறகு இந்தச் சொல் கடையில் பொருள் வாங்குவதாகச் சுருங்கிவிட்டது. பழைய தமிழில் நுகர்தல் என்றால் உண்பது, முகர்வது, துய்ப்பது எல்லாம். மூக்கால் இழுப்பதும் புகைப்பதும் விழுங்குவதும் ஊசியால் ஏற்றுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் இயல்பாக அடங்கும். ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் இங்கே பொருந்துகிறது என்று துணிந்து சொல்வேன்.

சிக்கல் மேற்பார்வையில்தான். சில மொழிபெயர்ப்புகள் ‘கண்காணிப்பு நிலையம்’ என்கின்றன. கண்காணி மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி ஆனவர். ஆள் கணக்கெடுத்து, அதட்டி வேலை வாங்கியவர். ஆங்கில அகராதிக்குள்ளும் அந்தப் பெயரோடே நுழைந்தவர். இன்று கண்காணிப்பு என்றால் கமெரா, பொலிஸ். பொலிசுக்குப் பயந்து மறைவில் ஏற்றுகிறவரை வெளியே அழைக்கும் இடத்துக்குக் கண்காணிப்பு என்று பெயர் வைத்தால் யார் வருவார்?

‘துணை’ எனக்குப் பிடித்த சொல். ஆஸ்பத்திரியில் இரவு தங்குகிறவரை ‘துணைக்கு நிக்கிறார்’ என்றுதான் சொல்கிறோம். இந்த இடத்தில் தாதி செய்வதும் அதுவே. ‘நுகர்வுத்துணை நிலையம்’ என்று எழுதிப் பார்த்தேன். மறுநாள் படித்தபோது, குற்றத்துக்குத் துணைபோவது என்ற பொருள்தான் முதலில் எழுந்து நின்றது. துணைக்கும் உடந்தைக்கும் இடையே அவ்வளவு மெல்லிய சுவர். எதிர்க்கிறவர்களின் குற்றச்சாட்டே அதுதானே. அவர்கள் வாயில் நானே சொல்லை எடுத்து வைக்க வேண்டாம் என்று அடித்துவிட்டேன்.

மேற்பார்வை மிஞ்சியது. இலத்தீனில் ‘மேலிருந்து பார்ப்பது’ என்று பிறந்த சொல்லுக்கு உறுப்புக்கு உறுப்பு ஒத்த தமிழ். கட்டட வேலை வாடை கொஞ்சம் அடிக்கும், ஆனாலும் பரிவும் இல்லை பழியும் இல்லை. ‘நிலையம்’, ‘மையம்’, ‘கூடம்’ எதுவும் வேண்டாம். ஆங்கிலத்திலும் வெறும் இடம்தான். ஆகவே மேற்பார்வை நுகர்விடம். முதல் முறை எழுதும்போது ‘போதைப்பொருள்’ என்று முன்னால் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இது உணவகம் போல ஒலிக்கும்.

எதிர்ப்பாளர்களின் சொல்லும் உண்டு. கனடியப் பழமைவாதக் கட்சித் தலைவர் பியர் பொய்லியேவ் 2024இல் இவற்றைப் ‘போதைக் குகைகள்’ என்ற பொருளில் அழைத்தார். அந்தச் சொல் விலங்கின் வளையையும் பழைய அபின் விடுதியையும் சேர்த்துக் காட்டுவது. அதை அவர் சொன்னதாக மேற்கோளில் போடலாம், செய்தியாளர் தன் சொல்லாக எழுதக்கூடாது. எதிர்ப்பவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்பதும் பொய். 2023 ஜூலையில் ரொறன்ரோவில் இப்படியொரு இடத்துக்கு அருகே நடந்த துப்பாக்கிச் சூட்டில் தெருவில் நடந்துபோன பெண்ணொருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், இறந்துபோனார். அந்தத் தெருவில் பிள்ளையைப் பள்ளிக்கு விடுகிறவரிடம் லான்செற் விழுக்காட்டை நீட்டுவது பதிலாகாது. ஆனால் மூடிய இடங்களுக்குப் பதிலாக அரசு கொண்டுவந்த சிகிச்சை மையங்களில் மேற்பார்வை நுகர்வுக்கு இடமில்லை. அவற்றின் பெயர்ச்சுருக்கம் ஆங்கிலத்தில் ‘ஹார்ட்’, இதயம் என்றே காதில் விழும்.

கூடவே வரும் இரண்டு சொற்கள். ‘ஓவர்டோஸ்’ தமிழில் நகைச்சுவைக்குப் போய்விட்டது. கலியாண வீட்டு அலங்காரம்கூட ஓவர்டோஸ்தான். ‘அளவுக்கு மிஞ்சினால்’ என்று தொடங்கும் பழமொழி கையில் இருக்கிறது, ‘அளவுமிஞ்சல்’ என்று எடுத்துக்கொள்ளலாம். சில இடங்களின் பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் ‘ஓவர்டோஸ் தடுக்கும் இடம்’ என்று இருப்பதை ‘அளவுமிஞ்சல் தடுப்பிடம்’ எனலாம்.

மற்றது ‘போதைக்கு அடிமை’. இதை மாற்றச் சொல்கிறவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை, ஏனென்றால் ‘அடிக்ற்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அடிமையிலிருந்தே வந்தது. உரோமைச் சட்டத்தில் கடன் கட்ட முடியாதவனை நீதிபதி கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பார், அவன் பெயர் ‘அடிக்ற்றுஸ்’. நமக்கோ அடியில் கிடப்பவன் அடிமை. இறைவனுக்கு அடிமை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்களும் நம்மிடம் உண்டு. நிலையைச் சொல்லச் சொல் பரவாயில்லை. ஆளுக்குப் பெயராக ஒட்டும்போதுதான் உறுத்துகிறது. ‘போதை அடிமைகள் மூவர் மரணம்’ என்ற தலைப்பில் செத்தது அடிமைகள். ‘போதைப் பழக்கமுள்ள மூவர்’ என்றால் செத்தது மூன்று பேர். அமெரிக்க அசோசியேற்றட் பிரஸ் நிறுவனமும் 2017 முதல் தன் செய்தியாளர்களிடம் ஆளுக்கு அந்தச் சொல்லைப் பெயராக்க வேண்டாம் என்கிறது.

அன்ரிக்கு மின்தூக்கி எட்டாம் மாடி போவதற்குள் இவ்வளவும் சொல்ல முடியவில்லை. “அது வேற ஊசி, உங்கட ஊசி பார்மசியிலயே போடலாம்” என்று மட்டும் சொன்னேன்.