அடுப்புக் கண்ணாடி ஏன் கறுக்கிறது?

வட இத்தாலியில் குளிர்காலம் நெருங்கினால் கடை வாசல்களில் 15 கிலோ மூட்டைகள் ஆளுயரத்துக்கு ஏறிவிடும். உள்ளே இருப்பவை சுண்டுவிரலைவிட ஒல்லியான, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சித் துண்டுகள். மரத்தூளை இயந்திரத்தில் அழுத்திப் பிழிந்து செய்தவை. பசை வேண்டியதில்லை, அழுத்தும்போது எழும் சூட்டில் மரத்தில் உள்ள லிக்னின் இளகி, ஆறியதும் இறுகிக்கொள்கிறது. இதற்குப் பெயர் பெல்லட்.

பெல்லட்டை எரித்து வீட்டைச் சூடாக்கும் கணப்பு அடுப்பு ஐரோப்பாவிலேயே இத்தாலியில்தான் அதிகம். அடுப்பு பிறந்தது என்னவோ அமெரிக்காவின் வடமேற்கு மூலையில். 1980-களில் அதை வீட்டுப் பொருளாக மாற்றிய முன்னோடி ஜெர்ரி விட்ஃபீல்ட், ஒரு விமானப் பொறியாளர். எரிபொருளையும் காற்றையும் அளந்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படிப்பட்டவருக்கு வந்ததில் வியப்பில்லை. மேலே பெல்லட் நிரப்பிய பெட்டி. அதன் அடியில் மெல்லச் சுழலும் திருகு ஒன்று பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடும். அது ஓட்டை போட்ட இரும்புக் கிண்ணத்தில் விழுந்து எரியும். புகையை ஒரு விசிறி இழுத்து வெளியே தள்ளும். முன்புறம் கண்ணாடிக் கதவு. தீ ஆடுவதை உட்கார்ந்து பார்ப்பதற்காகவே பாதிப் பேர் இந்த அடுப்பை வாங்குகிறார்கள். அந்தக் கண்ணாடிதான் இரண்டாம் நாளே கறுத்துப்போகிறது.

நம் பாட்டிமார் கண்மை செய்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, அதன் மேல் சந்தனம் பூசிய செம்புத் தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். சுடரில் எரிந்து முடிக்காத கரி தட்டில் போய்ப் படியும். கரி ஏன் காற்றோடு போகாமல் தட்டைத் தேடிப் போய் ஒட்டுகிறது? சூடான வாயுவின் மூலக்கூறுகள் வேகமாக மோதும், குளிர்ந்த பக்கத்தில் உள்ளவை மெதுவாக மோதும். நடுவில் மிதக்கும் துகளுக்குச் சூடான பக்கத்திலிருந்து அடி அதிகம். அதனால் அது குளிர்ந்த பக்கம் தள்ளப்படுகிறது. அறிவியலில் இதை வெப்பப் பெயர்ச்சி என்கிறார்கள். கணப்பு அடுப்பின் தீயோடு ஒப்பிட்டால் கண்ணாடி குளிர்ந்த தட்டு. மறுபக்கம் அறைக்காற்று அதைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. ஆக, தீயில் கரி மிஞ்சினால் அது கண்ணாடிக்கு வந்தே தீரும். விளிம்புகளும் மூலைகளும் இன்னும் குளிர்ந்தவை என்பதால் கறுப்பு அங்கேதான் தொடங்கும்.

கரி ஏன் மிஞ்சுகிறது? மரம் எரிகிறது என்கிறோம். உண்மையில் சூடுபட்ட மரத்தின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதம் முதலில் வாயுவாகவும் ஆவியாகவும் வெளியேறுகிறது, நாம் பார்க்கும் சுடர் அந்த வாயு எரிவதுதான். ஒரு கிலோ பெல்லட் முழுதாக எரியக் கணக்குப்படி 4 கன மீட்டருக்கும் மேல் காற்று வேண்டும். நடைமுறையில் அதைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு விட்டால்தான் எல்லா மூலைக்கும் போய்ச் சேரும். காற்று குறைந்தால் வாயு எரிவது பாதியில் நின்றுவிடும். ஒரு பங்கு கரியாகும், இன்னொரு பங்கு தார் ஆவியாகும். தார் கண்ணாடியில் பட்டதும் குளிர்ந்து பிசுபிசுக்கும், அதன்மேல் கரி வந்து ஒட்டும். லாந்தர் விளக்கில் திரியை ஏற்றிவிட்டால் சிம்னி கறுத்துப்போகுமே, அதே கதை: எண்ணெய் அதிகம், காற்று போதவில்லை.

அடுப்பைத் தயாரிப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடியின் மேல்விளிம்பிலோ பக்கங்களிலோ சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பிளவு விட்டிருப்பார்கள். அதன் வழியே நுழையும் காற்று கண்ணாடியை ஒட்டி ஒரு திரைபோல இறங்கி, புகையைத் தள்ளி நிறுத்தும். கை துடைப்பதற்கு முன்பே காற்று துடைத்துவிடுகிறது. அந்தப் பிளவில் சாம்பல் அடைத்தால் திரை கிழிந்த இடத்தில் பட்டை பட்டையாகக் கறை விழும்.

இன்னொரு தற்காப்பும் உண்டு: சூடு. கண்ணாடியில் ஒட்டிய கரி 500, 600 டிகிரி செல்சியஸை எட்டினால் காற்றோடு சேர்ந்து தானாக எரிந்துபோகும். அதனால்தான் நாள் முழுக்க மிகக் குறைந்த நிலையில் ஓடும் அடுப்பின் கண்ணாடி எப்போதும் அழுக்காக இருக்கிறது. சிக்கனம் என்று நினைத்து ஒன்றாம் எண்ணிலேயே வைத்திருப்பவர்கள் தினமும் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். லேசான கறுப்பு கண்ணெதிரே வெளுக்கும்.

இவ்வளவு சூட்டில் கண்ணாடி வெடிக்காதா? சாதாரணக் கண்ணாடி என்றால் வெடிக்கும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஜன்னல் கண்ணாடி 500 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விரியும். நடு விரிந்து ஓரம் விரியாமல் நின்றால் பிளந்துவிடும். அடுப்பில் இருப்பது கண்ணாடிப் பீங்கான். அது கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு கோளாறால்தான். 1953-இல் அமெரிக்கக் கண்ணாடி நிறுவனமான கார்னிங்கில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற ஆய்வாளர் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க உலையில் வைத்தார். உலை கட்டுமீறி 900-க்குப் போய்விட்டது. உருகி வழிந்திருக்கும் என்று திறந்தால், துண்டு வெள்ளையாகி அப்படியே இருந்தது. எடுக்கும்போது கை நழுவித் தரையில் விழுந்தது, உலோகம்போல் கணீரென்றது, உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் முளைத்திருந்தன. பின்னாளில் லித்தியம், அலுமினியம், சிலிக்கா சேர்ந்த வகைகள் வந்தன. அவற்றின் படிகங்கள் சூட்டில் சுருங்கும், மீதிக் கண்ணாடி விரியும். இரண்டும் ஈடுகட்டி, மொத்தத்தில் விரிவு கிட்டத்தட்ட பூஜ்யம். வெறும் 4 மில்லிமீட்டர் தடிமனில் 700 டிகிரியைத் தாங்குவது இப்படித்தான்.

சரி, துடைப்பதற்கு வருவோம். கறையை அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள், அடுப்பின் உடல்நிலை அதில் எழுதியிருக்கும். சாம்பல் நிறத்தில், விரலால் தேய்த்தால் போய்விடும் தூசு என்றால் கவலையில்லை. நன்றாக எரியும் அடுப்பிலும் ஓரிரு நாளில் அது படியும். மசிபோல் கறுப்பு என்றால் காற்று பற்றவில்லை: எரிகிண்ணத்தின் ஓட்டைகள் அடைத்திருக்கலாம், புகைக்குழாயில் சாம்பல் தேங்கியிருக்கலாம். பளபளப்பான பழுப்பு என்றால் தார். ஈரம் ஏறிய பெல்லட்டையோ அணைந்து அணைந்து எரியும் தீயையோ சந்தேகிக்கலாம்.

பெல்லட் மூட்டையை மாற்றியதும் கண்ணாடி கறுக்கிறது என்று பலர் சொல்வார்கள். பிரமை என்று தள்ளிவிட வேண்டாம். திருகு அளப்பது கன அளவை, எடையை இல்லை. குட்டையான துண்டுகள் நெருக்கமாக அடங்குவதால் ஒரு சுற்றுக்கு அதிகம் விழும். விசிறிக்கு அது தெரியாது. பழைய அளவுக் காற்றையே இழுக்கும். ஐரோப்பியத் தரச்சான்றான ஈஎன்பிளஸ் ஏ1 வகையில் ஈரம் 10 சதவீதத்துக்கும் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் மேல் போகக்கூடாது. ஆனால் துண்டுகளின் நீளம் 40 மில்லிமீட்டர் வரை எப்படியும் இருக்கலாம். அப்புறம் மூட்டையின் அடியில் தங்கும் தூள். அதைக் கொட்டினால் பாதி எரியாமலே பறந்து கண்ணாடிக்கு வரும்.

துடைக்க எளிய வழி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, நனைத்துப் பிழிந்த செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்ப்பது. நம் வீடுகளில் பாத்திரம் விளக்கியதும் இதே சாம்பலால்தானே. காரணம் வேதியியல். மரச்சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, நீர்பட்டால் காரமாகும். தாரில் உள்ள அமிலங்களோடும் பீனால்களோடும் சேர்ந்து அவற்றை நீரில் கரையும் உப்பாக மாற்றிவிடும். கரியை எந்தச் சோப்பும் கரைக்காது, சாம்பல்நீரும் கரைக்காது. ஆனால் அதைப் பிடித்திருந்த பிசின் போய்விட்டால் கரி தாளோடு வந்துவிடும். சாம்பலை எடுக்கும்போது இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல் இருக்க வேண்டும். நறநறவென்றால் மரப்பட்டையோடு வந்த மணல். குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம், கீறிவிடும்.

கடையில் கிடைக்கும் அடுப்புக் கண்ணாடித் திரவங்கள் சிலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். வேலை வேகமாக நடக்கும்தான், ஆனால் வழிந்து கதவின் ஓரத்தில் காற்று புகாமல் அடைக்கும் கண்ணாடி இழைக் கயிற்றில் இறங்கினால் அதைக் கெடுக்கும். துணியில் தெளித்துக்கொண்டு துடைப்பது நல்லது. வெள்ளைப் படலத்தை மட்டும் நாள் கடத்த வேண்டாம். அது பறந்து வந்த சாம்பல். அதே காரம், மாதக்கணக்கில் சூட்டில் கிடந்தால் கண்ணாடியையே அரித்து மங்கலாக்கும். அதற்கு மருந்தில்லை, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாம் செய்தும் கறுக்கிறதா? அந்தக் கயிற்றைச் சோதியுங்கள். விசிறி இழுப்பதால் அடுப்புக்குள் அழுத்தம் அறையைவிடக் குறைவு. கயிறு நைந்திருந்தால் புகை வெளியே வராது, அறைக்காற்று உள்ளே போகும், அதுவும் எரிகிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு நேராகக் குழாய்க்கு. தீ பட்டினி கிடக்கும். ஆறிய அடுப்பின் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இறுக்கமாக வர வேண்டும். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ, அங்கேதான் புதுக் கயிறு தேவை.