ஆய்வுக்கூடத்தில் ஒரு மேசையை நகர்த்த யாரிடம் கேட்க வேண்டும்?

ஆய்வுக்கூடங்களை வடிவமைக்கும் கட்டடக் கலைஞன் என்ற முறையில், முடித்துக் கொடுத்த இடங்களைச் சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அப்படிச் சென்ற ஓரிடத்தில், இளம் ஆய்வாளர் ஒருவர் வெற்றிடப் பம்பின் அடியில் மடித்த அட்டையும் ரப்பர் விரிப்பும் வைத்துவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, அதற்கு ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்து நிரல் எழுதிக்கொண்டிருந்தார். பம்பைப் பக்கத்து அறைக்கு மாற்றக் கூடாதா என்று கேட்டேன். “குழாய் சுவருக்குள் போகிறது, சார். உடைக்க அனுமதி கேட்டு எட்டு மாதம் ஆகிறது” என்றார். அந்தச் சுவரை வரைந்தவன் நான்தான்.

அன்றிலிருந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த 20ஆம் எண் கட்டடத்தைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். ராடார் ஆய்வுக்காக 1943இல் அவசரமாக மரத்தில் எழுப்பிய தற்காலிகக் கட்டடம் அது. போர் முடிந்த பிறகும் நின்று, 1998இல்தான் இடிக்கப்பட்டது. அங்கே கம்பி இழுக்க வேண்டுமானால் ஆய்வாளரே சுவரில் துளையிட்டுக்கொள்வார். அணுக் கடிகார ஆய்வுக்கு உயரம் போதாதபோது, இயற்பியலாளர் ஜெரோல்டு சகரியாஸ் தளங்களையே பெயர்த்தெடுத்தார். ஆனாலும் கோடையில் வெந்து குளிர்காலத்தில் விறைத்த அந்தக் கட்டடத்தை அப்படியே முன்மாதிரியாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்துக்கு உடல் வருத்தம் விலையாக இருக்க வேண்டியதில்லை.

சுதந்திரம், வசதி இரண்டையும் சேர்த்துக் காட்டியது, கட்டடக் கலைஞர் லூயி கான் கலிபோர்னியாவில் வடிவமைத்த சால்க் உயிரியல் ஆய்வு நிறுவனம். அதன் ஆய்வுக்கூடத் தளங்களில் குறுக்கே தூண்கள் கிடையாது. ஒவ்வொரு தளத்துக்கும் மேலே, ஆள் நின்று வேலை செய்யும் உயரத்தில் தனித் தளம் ஒன்றை அமைத்து, குழாய், காற்றோட்டம், மின்கம்பி ஆகிய அனைத்தையும் அதில் கொண்டுபோனார். இதனால் கீழே ஆய்வு நடக்கும்போதே மேலே பழுதுபார்க்க முடிகிறது. கருவிகளின் இரைச்சலிலிருந்து விலகிச் சிந்திப்பதற்கென்று, கடலைப் பார்த்த தனியறைகளும் அங்கே உண்டு. ஆய்வாளருக்குக் கருவி எவ்வளவு தேவையோ அவ்வளவு அமைதியும் தேவை என்பதை வரைபடத்திலேயே ஒப்புக்கொண்ட கட்டடம் அது.

எல்லா நிறுவனத்தாலும் தனித் தளம் கட்ட முடியாது. ஆனால் கூரையை ஒட்டித் திறந்த தட்டுகளில் கேபிள்களை ஓட்டலாம், மேசைகளுக்குச் சக்கரம் பொருத்தலாம், மின் பலகையில் கூடுதல் இணைப்புகளுக்கு இடம் விடலாம்; இவற்றைத் தொடக்கத்திலேயே செய்தால் செலவு அதிகமில்லை. பம்பு, கம்ப்ரசர், சர்வர் போன்றவற்றைக் கதவு உள்ள தனி அறையில் வைத்து, ஜன்னலோரத்தை நாள் முழுவதும் உட்காருபவர்களுக்கே ஒதுக்க வேண்டும். பெரும்பாலான வரைபடங்களில் ஜன்னலோரம் மேலாளர் அறைக்குப் போய்விடுகிறது. நான் இதை ஒவ்வொரு முறையும் எதிர்த்துப் பேசுகிறேன்.

இப்போது வரைபடத்தில் கையெழுத்திடுமுன், அங்கே உட்காரப்போகிறவர்களையே அழைத்து, இந்த மேசையை நாளை நகர்த்த வேண்டுமென்றால் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்று ஒவ்வொரு மேசையாகக் காட்டிக் கேட்கிறேன். “யாரிடமும் இல்லை” என்ற பதில் வராத இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு மறுபடி வரைகிறேன். கடைசியாக வரைந்த கூடத்தில் இதற்காகவே மூன்று சுவர்களை எடுத்துவிட்டேன்.