ஆறு நாள் அர்ச்சனை காணாமற்போன கதை

கொடியேறி நான்காம் நாள் காலை. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் கடையைத் திறந்து, தேநீருக்குச் சொல்லிவிட்டு இருந்தேன். தீவகத்துக் கோயில் ஒன்றின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மோட்டார்சைக்கிளை நிறுத்தியும் நிறுத்தாமலும் உள்ளே வந்தார்.

"அண்ணை, தளம் இரவு வெறும் வெள்ளையாக நின்றது. பக்கப்பை, அதுதான் முன்பு சேமித்து வைத்த பிரதியை, எடுத்துப் போட்டேன். தளம் வந்துவிட்டது. ஆனால் அர்ச்சனைப் பதிவுகளைக் காணவில்லை."

எத்தனை நாள் பழைய பக்கப் என்று கேட்டேன். ஆறு நாள். முந்தின நாள் பிரதியும் பட்டியலில் இருந்திருக்கிறது. எதற்கும் கொஞ்சம் பழையதாக இருக்கட்டும் என்று அதைத் தாண்டிப் போயிருக்கிறார். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து பணம் கட்டியவர்களின் பெயர், நட்சத்திரம், எந்தத் திருவிழா என்ற விவரம் எல்லாம் அந்த ஆறு நாளுக்குள் வந்தவை. காசு வங்கியில் பத்திரமாக இருக்கிறது. யாருடைய காசு என்பதுதான் தெரியாது.

கோயிலின் தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஓடுவது. வேர்ட்பிரஸ் தளம் இரண்டு பாதி. கோப்புகள் ஒரு பாதி. பதிவுகளும் கட்டுரைகளும் இருக்கும் தரவுத்தளம் மறுபாதி. தம்பியின் தளத்தைக் கெடுத்தது ஒரு பிளகினின், அதாவது கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை மென்பொருளின், புதுப்பிப்பு. தளத்தை நிர்வகிக்கும் பலகையான சீபனலின் கோப்பு மேலாளருக்குள் போய் அந்தப் பிளகின் கோப்புறையின் பெயரை மாற்றியிருந்தாலே அது செயலிழந்து தளம் எழும்பியிருக்கும். தரவுத்தளத்தைத் தொடவே தேவையில்லை. பல்லுக்கொதிக்குத் தாடையைக் கழற்றிய வேலை இது.

மின்னஞ்சல் பெட்டியை அவர் தொடாதது கோயிலின் புண்ணியம். ஒவ்வொரு பதிவுக்கும் தளம் ஒரு அறிவித்தல் அனுப்பியிருந்தது. அவர் வாசிக்க, நான் தட்டெழுத, மத்தியானமாகிவிட்டது. ஒருவர் ஆங்கில எழுத்தில் எழுதிய நட்சத்திரம் பூராடமா பூரட்டாதியா என்று விளங்கவில்லை. கனடாவுக்கு வட்ஸ்அப்பில் கேட்டோம். அங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தும் உடனே பதில் வந்தது.

மீளமைப்பதற்கு முன் இப்போதைய நிலையையும் ஒரு பிரதி எடுங்கள் என்றால், "பழுதானதை எடுத்து வைத்து என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். பழுதானதற்குள்தான் நேற்றைய அர்ச்சனை இருக்கிறது. தரவுத்தளத்தைக் கையாளும் கருவியான பிஎச்பிமைஅட்மினில் அதை ஏற்றுமதி செய்ய ஐந்து நிமிடம் போதும்.

பிரதிகளின் பட்டியலில் உள்ள நேரத்தையும் கவனியுங்கள். அது பெரும்பாலும் சேவையகத்தின், அதாவது தளம் இருக்கும் கணினியின், நேரம். உலகப் பொது நேரத்தில் அதிகாலை 2 மணி என்றால் நமக்குக் காலை 7.30. இன்னொன்று: சீபனலில் முழுக் கணக்கையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்திருந்தாலும் அதை நீங்களாக மீளமைக்க முடியாது, தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தாரைத்தான் கேட்க வேண்டும். கோப்புகளையும் தரவுத்தளத்தையும் தனித்தனியாக இறக்கியிருந்தால் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம்.

தமிழ்த் தளங்களுக்கென்று தனியாக ஒரு தலையிடி உண்டு. தரவுத்தளத்தை ஏற்றி முடித்துப் பார்த்தால், கட்டுரை முழுவதும் தலையில் சாய்ந்த கோடு போட்ட இலத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி நிற்கும். பயப்பட வேண்டாம். அ, க போன்ற தமிழ் எழுத்தொன்று, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது. அதை ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 முறை என்று நினைத்து வாசித்தால் ஒன்று மூன்றாகிவிடும். எழுத்துக்குறி முறையைச் சரியாகத் தெரிந்து மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் திரும்பி வரும். வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றால்தான் வயிறு கலங்க வேண்டும். ஏற்றிய இடத்தில் தமிழ் போய்விட்டது என்று அர்த்தம். மூலக் கோப்பு கையில் இருந்தால்தான் மீட்சி.

அந்த மூலக் கோப்பு எங்கே இருக்கிறது? பலர் தளம் இருக்கும் அதே சேவையகத்திலேயே வைத்திருக்கிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, தளமும் பிரதியும் ஒரே வளாகத்தில் இருந்த பலருக்கு இரண்டும் சேர்ந்தே போயின.

தம்பி இப்போது வெள்ளிக்கிழமை தோறும் பிரதியை இறக்கி ஒரு பென்டிரைவில் போடுகிறார். அது கோயில் அலுமாரியில், பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் அதை ஒரு துணைத்தளத்தில் ஏற்றிப் பார்த்தோம். தரவுத்தளத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தது. புதிய தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை அமைவுக் கோப்பில் மாற்ற மறந்திருந்தார். நல்லகாலம், திருவிழா இல்லாத மாதம்.