விளங்குது, ஆனால் கதைக்க வருகுதில்லை

ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்த பிள்ளையிடம் "நேற்று எங்கே போனாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். கேள்வி விளங்கும், 'கோ'வின் இறந்தகாலம் 'வென்ட்' என்பதும் நன்றாகத் தெரியும், ஆனால் பதில் "ஐ கோ..." என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறவர்களும், ஜேர்மனியில் இருக்கும் கணவனிடம் போவதற்காக ஜேர்மன் மொழியின் தொடக்கநிலையான ஏ1 படிக்கும் பெண்களும் சொல்வது ஒன்றுதான்: விளங்குது, ஆனால் கதைக்க வருகுதில்லை. கூச்சம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கூச்சமும் உண்டுதான், ஆனால் பெரிய சிக்கல் நேரம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட் 1989இல் பேச்சை மூன்று கட்டமாகப் பிரித்துக் காட்டினார். என்ன சொல்வது என்று தீர்மானிப்பது, அதற்குச் சொல்லும் இலக்கணமும் எடுத்துக் கோர்ப்பது, வாயால் ஒலிப்பது. உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி பொதுவாக 200 மில்லிசெக்கன் அளவுதான், ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே ஏறத்தாழ 600 மில்லிசெக்கன் வேண்டும். அப்படியென்றால் மற்றவர் கதைத்து முடிக்கமுன்பே நாங்கள் பதிலைக் கோர்க்கத் தொடங்கிவிடுகிறோம். தாய்மொழியில் இந்தக் கோர்க்கிற வேலை தன்பாட்டில் நடக்கும். புதிய மொழியில் அதற்கே கவனம் முழுவதும் போய்விடும், எங்கே போனோம் என்று யோசிக்கிற நேரத்தில் 'வென்ட்'டுக்கு முறை வரவே வராது.

சரி, நிறையக் கேட்டால் தானாக வந்துவிடாதா? கனடாவில் பல வருடம் பாடங்களையே பிரெஞ்சில் படித்த பிள்ளைகள் நன்றாக விளங்கிக்கொண்டார்கள், ஆனால் பேசும்போது இலக்கணம் தடுமாறியது. இதைக் கவனித்த மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன், பேசுவதே கற்றலின் ஒரு பகுதி என்று 1985இல் வாதிட்டார். எனக்கு இது முழுக்கச் சரியாகப் படுகிறது. கேட்கும்போது பொருளைப் பிடித்தால் போதும், சொல்லும்போதோ வினைக்கு ஏதாவது ஒரு காலம் கொடுத்தே ஆகவேண்டும்.

அதனால் வகுப்பில் நாளுக்கொரு புதுத் தலைப்பு கொடுப்பதை விட, ஒரே கதையைத் திரும்பச் சொல்லவைப்பது நல்லது. 4/3/2 என்று ஒரு முறை இருக்கிறது. போன சனிக்கிழமை வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சிய கதையை ஒரு பிள்ளை முதலில் ஒருவருக்கு 4 நிமிடம் சொல்லவேண்டும், பிறகு அதையே இன்னொருவருக்கு 3 நிமிடத்தில், மூன்றாமவருக்கு 2 நிமிடத்தில். கூழ் என்பதால் என்ன சொல்வது என்று யோசிக்கத் தேவையில்லை, நண்டும் பலாக்கொட்டையும் பழப்புளியும் எந்த ஒழுங்கில் பானைக்குள் போனது என்பது அவளுக்கு மனப்பாடம். முதல்தரம் "தென்... தென்..." என்று இழுபடும். மூன்றாம்தரம் "வீ புட் த க்ராப்ஸ் இன்" ஒரே மூச்சில் வரும். ஆள் மாறுவதும் முக்கியம், கேட்ட ஆளுக்கே திரும்பச் சொன்னால் அது ஒப்புவித்தலாகிவிடும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே தலைப்பைத் திரும்பப் பேசியவர்களின் சரளம் பிறகு புதிய தலைப்புகளிலும் நிலைத்தது, ஒவ்வொரு முறையும் புதுத் தலைப்பு பேசியவர்களுக்கு அப்படி நிலைக்கவில்லை.

தயவுசெய்து நடுவில் மறித்துத் திருத்தாதீர்கள், ஆசிரியர்களே. ஏற்கெனவே கவனம் பற்றாமல் நிற்கிற பிள்ளை அது. பிள்ளை சொன்னதையே சரியான வடிவில் நாங்கள் திருப்பிச் சொல்வதுதான் வகுப்பறையில் அதிகம் நடக்கிறது, ஆனால் பிள்ளை தானே திருத்திக்கொள்ள அது குறைவாகவே உதவுகிறது என்று ஆய்வாளர்கள் லிஸ்டரும் ரன்டாவும் 1997இல் காட்டினார்கள். முதல் சுற்று முடிந்ததும் "எப்ப காய்ச்சினீங்கள்?" என்று கேட்டு விடுங்கள், சரியான இறந்தகால வடிவத்தை அவளே தேடி எடுப்பாள்.

40 பிள்ளைகள் இருக்கிற கொட்டிலிலும் இதைச் செய்யலாம். வாங்குகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே போட்டு, ஒரு வரிசை மட்டும் சுற்றுக்கு ஓரிடம் நகர்ந்தால் சரி. சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும், அதற்கு முதலே சொல்லி வையுங்கள்.