ரைட்டிங் அசிஸ்டன்ட்: எழுத்துத்துணை

எழுதும்போது பிழை திருத்துவது, வாக்கியத்தைச் செம்மையாக்குவது, கேட்டால் முழுக் கடிதத்தையே எழுதித் தருவது என்று வேலை செய்யும் மென்பொருளுக்கு ரைட்டிங் அசிஸ்டன்ட் என்று பெயர். கிராமர்லியும் சாட்ஜிபிடியும் இந்த வகை. போன் கீபோர்டில் அடுத்த சொல்லை எடுத்து நீட்டுவதும் இதன் தம்பிதான்.

'அசிஸ்ட்' என்பதன் லத்தீன் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்றல் என்று பொருள். தமிழில் 'எழுத்து உதவியாளர்' என்று எழுதுவோர் உண்டு. ஆளர் என்று முடிந்தால் யாரோ ஓர் ஆள் என்றுதான் படுகிறது. 'எழுத்துதவி' பரவாயில்லை. ஆனால் உதவி செய்தவுடன் முடிந்துவிடும், துணை கூடவே வரும். தனியாகப் போகப் பயந்தால் "துணைக்கு வா" என்றுதானே கூப்பிடுகிறோம்? பெரியாரைத் துணைக்கோடல் என்று குறளில் ஓர் அதிகாரமே இருக்கிறது. யாரைத் துணையாகக் கொள்வது என்பது பார்த்துச் செய்யவேண்டிய காரியம். ஆகவே என் தேர்வு எழுத்துத்துணை.

இலங்கை மலையகத்தில் இந்த வேலை புதிதல்ல. பெட்டிசன் என்ற ஆங்கிலச் சொல்லை நாம் 'பெட்டிசம்' ஆக்கிக்கொண்டது சும்மா இல்லை. எழுதத் தெரிந்தவரைத் தேடிப்போய், நம் குறையைச் சொல்லி, அவர் கையால் எழுதி வாங்கிய காலம் நீண்டது. இப்போது அதே வேலையை ஹட்டன் பக்கம் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கம்பியூட்டர் செய்கிறது. 50 வயது கடந்து வேலையை விட்டு, ஈ.பி.எஃப் எனும் சேமலாப நிதிக்குக் காத்திருக்கும் ஓர் அம்மாவின் மகள், "அம்மாவின் சேமலாப நிதிக் காசு இன்னும் வரல்ல" என்று தட்டினால் போதும். "மேற்படி நிதியைப் பெற்றுத்தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று அலுவலகத் தமிழில் வந்து விழுகிறது. வேண்டுமென்றால் சிங்களத்திலும் தரும். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று, ஆனாலும் சிங்களக் கடிதத்துக்குத்தான் பைல் சீக்கிரம் நகரும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இது பெரிய உபகாரம், மறுப்பதற்கில்லை. சிங்களம் தெரிந்த ஒருவரிடம் மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சரி, அந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்கும்? பெயர், தோட்டம், டிவிசன், லய (லைன் வீட்டு) இலக்கம், சேமலாப நிதி இலக்கம், அடையாள அட்டை இலக்கம். கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது (எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் கணக்கு). பெண்ணானால் அதோடு 500 கூடும். 1985620 என்று தொடங்கினால், 1985 ஏப்ரல் 29இல் பிறந்த பெண். இலக்கத்தைக் கொடுத்தவர் பிறந்த தேதியையும் கொடுத்துவிட்டார்.

பெரும்பாலான எழுத்துத்துணைகளில் நாம் தட்டுவது கடைக் கம்பியூட்டரோடு நிற்பதில்லை; வெளிநாட்டு நிறுவனத்தின் சேர்வருக்குப் போகிறது. அங்கே சேமித்து வைக்கலாம், செட்டிங்கைப் பொறுத்து அடுத்த ஏஐ மாதிரியைப் பயிற்றவும் எடுக்கலாம். பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்) இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியவை. 2018இல் கிராமர்லியின் நீட்சியில் ஒரு ஓட்டையைக் கூகுளின் ஆய்வாளர் டாவிஸ் ஓர்மண்டி கண்டுபிடித்தார். ஒருவர் போய்ப் பார்க்கும் எந்த இணையதளமும் அவருடைய கிராமர்லி ஆவணங்களை எடுத்துப் படிக்க அது வழிவிட்டிருந்தது. நிறுவனம் உடனே அடைத்துவிட்டது. ஆனாலும் ஓட்டை இருந்தது இருந்ததுதான்.

கடிதத்தை எழுதவிடுங்கள், இலக்கங்களை மட்டும் தட்டாமல் விடுங்கள். அந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, பிரிண்ட் எடுத்தபின் பேனாவால் நிரப்பினால் முடிந்தது. கடைக் கம்பியூட்டர் என்றால் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழும்புங்கள்.

அப்புறம், மொட்டைப் பெட்டிசம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியில் கையொப்பம் இல்லாவிட்டாலும், அதை எழுதிக் கொடுத்த எழுத்துத்துணையின் கணக்கில் உங்கள் மின்னஞ்சலும் கேட்ட நேரமும் இருக்கும்.