யாழ்ப்பாணத்துப் பின்னேரமும் புதிதாக வந்து ஓடுபவரின் உடல் வெப்பமும்

விடுமுறைக்கோ கல்யாண வீட்டுக்கோ யாழ்ப்பாணம் வருபவர்களிடையே ஓட்டப்பயிற்சி செய்பவர்களை இப்போது அடிக்கடி காண்கிறோம். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ நடக்கவிருக்கும் மரதனுக்காகப் பயிற்சி எடுப்பவர்கள், அட்டவணை குழம்பக் கூடாது என்று, வந்திறங்கிய மறுநாள் பின்னேரமே சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வீதிக்கு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் ஓடுவதை ஒரு வைத்தியராக நான் முழுமனதுடன் வரவேற்கிறேன். ஆனால் வெயில் தாழ்ந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நம்பி ஓடப்போய், வெப்பத் தாக்கத்துடன் வருபவர்களை ஆடி, ஆவணி மாதங்களில் பார்க்க நேர்வதால் இதை எழுதுகிறேன்.

ஓடும்போது உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே மாறுகிறது. அதை வெளியேற்ற நமக்குள்ள முக்கியமான வழி வியர்வை ஆவியாவதுதான். ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் தோலிலிருந்து ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். அதே வியர்வை சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்தால் நீரும் உப்பும் போகுமே தவிர வெப்பம் போகாது. கடலும் கடனீரேரியும் சூழ்ந்த இந்தக் குடாநாட்டில் பொழுது சாயச் சாயக் காற்றின் ஈரப்பதன் ஏறுகிறது. பகல் முழுவதும் காய்ந்த தார் வீதியும் மதில்களும் அந்த நேரத்தில்தான் வெக்கையைத் திருப்பி விடுகின்றன. எனவே முகத்துக்கு இதமாகத் தெரியும் பின்னேரத்திலும் ஓடுபவரின் உள் வெப்பம் ஏறிக்கொண்டே போகலாம்.

குளிர் நாட்டில் பழகிய உடல் இந்தச் சூழலுக்கு இணங்க ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் தேவை. அந்த நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முந்தி வரத் தொடங்குகிறது. அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது. ஆகவே முதற்கிழமையில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் பேச முடிகிற அளவுக்கு மெதுவாக, முதல் ஓரிரு நாட்கள் 20 அல்லது 30 நிமிடங்கள் ஓடினால் போதுமானது. அட்டவணையில் 16 கிலோமீற்றர் என்று எழுதியிருந்தால், அது இந்த ஊருக்காக எழுதப்பட்டதல்ல.

வெப்பத் தாக்கத்தை இனங்காண்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். நாற்பதுகளில் இருந்த ஒருவர், ஓடி முடித்து ஒரு வீட்டுப் படலையடியில் குந்தியிருந்தார். பெனியன் பிழிய வியர்வை, தோல் ஈரம். வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்றுதான் சுற்றி நின்றவர்கள் நினைத்திருக்கிறார்கள். ஆனால் “எங்கே தங்கியிருக்கிறீர்கள், தம்பி?” என்று வீட்டுக்கார அம்மா கேட்டதற்கு, அவர் திரும்பத் திரும்பத் தமது இலண்டன் வீட்டு இலக்கத்தையே சொல்லியிருக்கிறார். அந்தத் தடுமாற்றம்தான் அறிகுறி. உடலின் உள் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும்போது முதலில் குழம்புவது மூளை. ஓட்டத்தால் வரும் வெப்பத் தாக்கத்தில் தோல் நனைந்தே இருக்கலாம். காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்த அம்மா அவரை ஓட்டோவில் ஏற்ற அவசரப்படவில்லை. கிணற்றடியில் இருத்தி, வாளி வாளியாக அள்ளி ஊற்றச் செய்து, பெனியனைக் கழற்றி விசிறச் சொல்லியிருக்கிறார். அதுவே சரியான சிகிச்சை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள். ஆனால் அது வரும்வரை குளிர்விப்பதை ஒரு நிமிடமும் நிறுத்தாதீர்கள். நினைவு தடுமாறியவருக்கு வாயால் எதையும் பருக்க வேண்டாம்.

எங்கே ஓடுவது என்பதும் இதனோடு சேர்ந்ததுதான். பண்ணைப் பாலத்து வீதி புதியவர்களை உடனே ஈர்க்கிறது. இரு பக்கமும் கடல், எதிரே தீவுகள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நகரிலிருந்து புறப்படும்போது காற்று பெரும்பாலும் முகத்தில் அடிப்பதால் உடல் நன்றாகக் குளிர்கிறது. அந்தத் துணிவில் தொலைவாகப் போய்விடுகிறார்கள். திரும்பும்போது அதே காற்று முதுகுப் பக்கமாக, ஓடும் வேகத்தோடு சேர்ந்தே வருவதால், தோலைச் சுற்றிக் காற்றே அசையாததுபோல் ஆகிவிடுகிறது. களைத்திருக்கும் நேரத்தில்தான் உடல் சூடேறுகிறது. அங்கே ஒதுங்க நிழலோ, தண்ணீர் கேட்க ஒரு வீடோ இல்லை. முதற்கிழமையில் கோட்டையையும் முற்றவெளியையும் அண்டியோ, தங்கியிருக்கும் வீட்டைச் சுற்றிய ஒழுங்கைகளிலோ சிறு வட்டமாக ஓடுங்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் வீடு கிட்டவே இருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் அடியார்களுக்கு உரியவை. அங்கே ஓடப் போக வேண்டாம்.

இங்கே மைமல் பொழுது மிகக் குறுகியது. சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் இருண்டுவிடும். வாகனங்கள் இடப்பக்கம் செல்வதால், அவற்றை எதிர்நோக்கி வலப்பக்கமாக ஓடுங்கள். கட்டாக்காலி நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நில்லுங்கள். கடித்தால், சிறு கீறலாக இருந்தாலும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் சென்று விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள்; அளவுக்கு மிஞ்சிய வெறும் தண்ணீர் இரத்தத்தின் சோடியத்தைக் குறைத்து மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் பெரிதும் இழப்பது சோடியம். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்பிட்ட மோரோ, பொதியில் குறித்த அளவு நீரில் கரைத்த ஜீவனி என்ற உப்பு-சீனித் தூளோ பொருத்தமானது. இரத்த அழுத்தத்துக்காக நீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே தமது வைத்தியரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

கால் நோவுக்கு ஐபுபுரோபன் போட்டுக்கொண்டு ஓடும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். நீரிழந்த உடலில் அது சிறுநீரகத்தைத் தாக்கும். காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவையும் கூட்டும். காய்ச்சலோ வயிற்றோட்டமோ உள்ள நாளில் ஓடவே கூடாது. ஓடிய பின் சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று கொள்ளலாம். அதுவே வெறுந்தேநீர் நிறத்தில் கழிந்து, தொடைத் தசைகளும் வீங்கி நோவெடுத்தால், தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைகிறது என்று பொருள். அப்போது விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்கு வாருங்கள்.